பின்னறை வால்வு

மொன்றியல்
17.01.1988, ஞாயிறு

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

பூபாலசிங்கம் எழுதுவது. 'இங்கு யாவரும் சுகம்' என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். சுகமில்லை என்றும் சொல்ல முடியாது. களைப்பாக இருக்கிறோம் என்று எழுதினால் சரியாக இருக்கும். நீங்கள் ரொறன்ரோவில் மகள் எலிசா வீட்டுக்குப் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தீர்கள் என்று உங்கள் மகன் பேனாட் சொன்னார்.

உங்கள் பொருட்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். சிவப்புப் பெட்டியைப் பின்னறையிலிருந்து கூடத்துக்கு இழுத்துவிட்டோம். அடிப்பக்கம் கொஞ்சம் நனைந்திருந்தது, உள்ளே துணிகள் நனையவில்லை. மாதா சொரூபத்தைச் சமையலறைத் தட்டில் வைத்திருக்கிறேன். முகம் எந்தப் பக்கம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தெரியவில்லை. கதவைப் பார்க்கும்படி வைத்தேன். பிழை என்றால் எழுதுங்கள், திருப்பி வைக்கிறேன்.

உங்கள் அறையில் ஒழுக்கு நிற்கவில்லை. கீழே நிலவறையில் இருக்கும் பொயிலர் தண்ணீரைச் சூடாக்குகிறது. ஒரு சிறிய பம்ப் அந்தச் சுடுதண்ணீரைக் குழாய் வழியாக ஒவ்வொரு அறையிலும் உள்ள இரும்பு ரேடியேற்றருக்கு அனுப்புகிறது. இது உங்களுக்குத் தெரியாததல்ல. நான் சரியாக விளங்கிக்கொண்டேனா என்று பார்ப்பதற்காக எழுதுகிறேன். உங்கள் அறை மூலையறை. பொயிலர் எண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளாது என்று ஜன்னலை ஒரு விரல் அளவு திறந்து வைத்திருப்பீர்கள். அன்று வீடு குளிர்ந்தபோது அங்கே நின்ற தண்ணீர்தான் உறைந்திருக்கிறது. உறைந்த தண்ணீர் வீங்கி, ரேடியேற்றர் அடியில் உள்ள வால்வைப் பிளந்துவிட்டது. வெடிப்பு மயிரளவுதான். ஆனால் ஓயாமல் சொட்டுகிறது. கீழே ஒரு சட்டி வைத்திருக்கிறேன்.

மகள் ஜெகதீஸ்வரியைத் தையல் தொழிற்சாலைக்கு இனிப் போக வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கால் வீங்குகிறது. பிள்ளை பங்குனித் தொடக்கத்தில் பிறக்கும் என்கிறார்கள். அவளுடைய தாய் இருந்திருந்தால் வேறு. எனக்குப் பிள்ளைப்பெற்றவளுக்குக் கறிச்சரக்கு அரைக்கத் தெரியாது. சரக்கு என்றால் என்னென்ன சேர்ப்பது என்றுகூடத் தெரியாது.

நீங்கள் அதற்கு முன் வந்துவிடுவீர்களா என்று மகள் யோசிக்கிறாள். வாய்விட்டுக் கேட்கவில்லை, நானாக ஊகித்தது. நானும் கேட்கிறேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
பூபாலசிங்கம்


ரொறன்ரோ
25.01.1988

மாதா காவல்

அண்ணன் அறிவது,

உங்கள் கடிதம் கிடைத்தது. மற்றதெல்லாம் இருக்கட்டும். எந்தச் சட்டி?

எனக்குத் தெரியும் எந்தச் சட்டி என்று. அகலமாய், தட்டையாய் இருக்கும் அலுமினியச் சட்டி. அது நான் புட்டுக்கு மாக் குழைக்கிற சட்டி. கட்டுநாயக்காவிலிருந்து மடியில் வைத்துக்கொண்டு வந்தேன். விமானத்தில் ஒரு வெள்ளைக்காரி அதைத் தொப்பி என்று நினைத்தாள். அதையா ரேடியேற்றருக்குக் கீழே வைத்திருக்கிறீர்கள்?

இனி மற்றது. வால்வு எப்படி வெடித்தது என்று ஒரு பக்கம் எழுதியிருக்கிறீர்கள். தண்ணீர் வீங்கியதாம். நான் ஏன் அந்த வீட்டைவிட்டு வந்தேன் என்று ஒரு வரி இல்லை. நீங்கள் எழுத மாட்டீர்கள். நானே எழுதுகிறேன்.

அன்று காலை ரெலிபோனை எடுத்தது நான். உங்கள் அண்ணன் ஊரில் நெஞ்சுவலியில் காலமானார் என்று கொழும்பிலிருந்து சொன்னார்கள். உங்களிடம் தந்தேன். 'ஓம், ஓம்' என்று கேட்டுவிட்டு, போய்ப் போர்வைக்குள் படுத்துவிட்டீர்கள். பிள்ளைகள் இரண்டு பேரும் வேலைக்குப் போயிருந்தார்கள். வீட்டில் நீங்களும் நானும்தான்.

நான் வேதக்காரி. எங்களுக்கு அந்த முறை இல்லை. ஆனால் மட்டக்களப்பில் உங்கள் ஆட்கள் இருக்கிற தெருவில்தான் இருந்தேன். சாவு விழுந்த வீட்டில், உடலை எடுக்கும் வரைக்கும் அடுப்பு எரியக் கூடாது. அயலார்தான் சோறு கொண்டுவந்து கொடுக்க வேண்டும். நானே எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறேன். அங்கே அடக்கம் முடியவில்லை. இங்கே நீங்கள் இரத்த உரித்துக்காரர், தனியாகக் கிடக்கிறீர்கள். எடுத்துச் செய்ய ஆள் இல்லை.

சமையல் அடுப்பை நூர்த்தேன். நூர்த்துவிட்டு நிற்கும்போது கீழே அந்த இரும்பு உறுமுகிறது. இந்த வீட்டில் அதைவிடப் பெரிய அடுப்பு எது? இதை நூர்த்து அதை எரிய விட்டால் அது என்ன துக்கம்? நிலவறைப் படிக்குப் போய்ச் சிவப்புச் சுவிட்சைத் தட்டினேன். பிறகு மேல்வீட்டுத் தம்பி நகுலேஸ்வரனின் பெண்சாதியிடம் போய், "எங்கட வீட்டில துக்கம் புள்ள, அயல்தான் சோறு குடுக்கிற முறை" என்று கேட்டு வாங்கி வந்து உங்கள் கட்டிலடியில் வைத்தேன். கோட்டைப் போட்டுக்கொண்டு சமையலறையில் இருந்து செபமாலை சொன்னேன். குளிர்ந்தது. துக்க வீடென்றால் குளிரத்தான் செய்யும் என்று இருந்தேன். குழாய் உறையும் என்று எனக்கு யார் சொன்னது?

பின்னேரம் பேனாட் வந்து கத்தினான். "விசரா அம்மா உங்களுக்கு? வயித்துப் புள்ளக்காறி இருக்கிற வீட்டில நெருப்ப நூர்த்துப்போட்டு இருக்கீங்க! எல்லாரும் விறைச்சுச் சாகவா?"

அவன் என் மகன். கத்துவான், பேந்து பாணுக்குப் பட்டர் பூசித் தருவான். அது எனக்குப் பெரிதில்லை. நீங்கள் போர்வையைச் சுற்றிக்கொண்டு கதவடியில் நின்றீர்கள். 'என்ர அண்ணருக்காகச் செய்தவ' என்று ஒரு சொல் சொல்லவில்லை. கோட்டிலே நீதவானுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்து ஊரில் உள்ள கள்ளன், காவாலி, சாட்சி எல்லாரும் சொன்னதை அட்சரம் பிசகாமல் எடுத்துச் சொன்ன மனிசன் நீங்கள். எனக்காகச் சொல்ல ஒரு சொல் இல்லாமல் போயிற்று.

அறை ஒழுகினால் ஒழுகட்டும். சட்டியைக் கழுவி எடுத்த இடத்தில் வையுங்கள். ஜெகதீஸ்வரியை நின்று வேலை செய்ய விடாதீர்கள். மல்லியை அவித்துத் தண்ணீரைக் குடிக்கச் சொல்லுங்கள், கால் வீக்கம் வற்றும்.

றோசலின்


மொன்றியல்
04.02.1988

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். அதில் மறுப்பதற்கு எனக்கு ஒன்றும் இல்லை. அதற்கு மேல் எழுதப் பேனா ஓடவில்லை. ஓடாத இடத்தை விட்டு ஓடுகிற இடத்துக்குப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சட்டியைச் சவர்க்காரம் போட்டுக் கழுவி எடுத்த இடத்தில் வைத்தேன். பதிலாகப் பெயின்ற் வாளி ஒன்றை வைக்கப் பார்த்தேன். வால்வு தரையோடு ஒட்டியிருக்கிறது. வாளி அதன் கீழே நுழையாது. பீங்கான் கோப்பை அரை மணி நேரத்தில் நிரம்பிவிடுகிறது. வீட்டிலுள்ள எல்லாப் பாத்திரங்களையும் வைத்துப் பார்த்துவிட்டேன். மன்னிக்க வேண்டும். சட்டி திரும்பவும் அங்கேதான் இருக்கிறது.

வீட்டுக்காரர் உயிர்த்த ஞாயிறு முடியும் வரை கிரேக்கத்தில். அவருடைய மருமகனுக்கு ரெலிபோன் எடுத்தோம். நெருப்பை நிறுத்தி உடைத்தது நீங்கள், நீங்களே பாருங்கள் என்றுவிட்டார். குழாய் வேலைக்காரர் இரண்டு பேரைக் கூப்பிட்டோம். வருவதாகச் சொன்னார்கள். இந்தக் குளிரில் ஊர் முழுவதும் அவர்களைக் கூப்பிடுகிறது போலும், வரவில்லை.

சென்ற ஞாயிறு சாப்பிடும்போது பேனாட் ஒன்று சொன்னார். "அந்த அறையைப் பூட்டிவிடுவம் மாமா. அம்மா எலிசாக்காவோடயே இருக்கட்டும். வெயில் காலம் வரட்டும், பேந்து பாப்பம்." ஜெகதீஸ்வரி தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நானும் தட்டைத்தான் பார்த்தேன். பிறகு இரவில் யோசித்தேன். பூட்டிய அறையைப் பிறகு திறப்பது சுலபமில்லை. சாமான் போட்டுவைப்போம். சாமானுக்குப் பழகிவிடுவோம். இந்த நாட்டில் ஆட்கள் அப்படித்தான் ஒரு வீட்டிலிருந்து இல்லாமல் போகிறார்கள் என்று எனக்குத் தோன்றியது.

ஆகவே வால்வை நானே மாற்றுவது என்று இருக்கிறேன். 'மாற்றுவேன்' என்று எழுதப் பயமாக இருக்கிறது. நூல்நிலையத்தில் ஆங்கிலப் புத்தகம் ஒன்று எடுத்தேன். படம் போட்டு விளக்கியிருக்கிறார்கள். படத்தில் வேலை செய்பவருக்குத் தடித்த கைகள்.

குழாயின் குறுக்களவைத் தையல் நாடாவால் அளந்து, படம் வரைந்து, ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்தில் உள்ள இரும்புக் கடைக்கு நடந்து போனேன். ஓர் அங்குலத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக இருந்தது. ஓர் அங்குல வால்வு வாங்கி வந்தேன். பழைய வால்வுக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தால் அதைவிட ஒரு சுற்றுப் பெரிது. திரும்பக் கொண்டுபோனேன். கடைக்கார இத்தாலியர் படத்தைப் பார்த்துச் சிரித்தார். குழாயை வெளிப்புறத்தில் அளக்கக் கூடாதாம். முக்கால் அங்குலம் என்று பெயர் உள்ள குழாய் வெளியே அளந்தால் ஓர் அங்குலத்தைத் தாண்டுமாம். பெயர் உள்ளே போகிற தண்ணீருக்கு. திரும்பி வரும்போது பனி கொட்டியது. வழியில் மெற்றோ நிலைய வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். வயது தெரிந்தது.

சரியான வால்வு இப்போது என் கட்டிலடியில் இருக்கிறது. ஆனால் அதைப் பூட்ட வேண்டுமானால் பொயிலரை நிறுத்தி, ஆற விட்டு, குழாய்த் தண்ணீர் முழுவதையும் வெளியே விட வேண்டும். சிவப்புச் சுவிட்சுக்கு மேல் பேனாட் கறுப்புப் பட்டி ஒட்டி, 'ஒருவரும் தொடக் கூடாது' என்று தமிழில் எழுதி வைத்திருக்கிறார். இந்த வீட்டில் பிரெஞ்சுக்காரர் யாரும் இல்லையே. அது உங்களுக்கும் எனக்கும் எழுதியது.

இரண்டு தடவை அந்தப் படி வரை போய்த் திரும்பி வந்தேன்.

பூபாலசிங்கம்


ரொறன்ரோ
11.02.1988

அண்ணன் அறிவது,

தையல் நாடாவால் குழாய் அளந்ததை எலிசாவுக்கு வாசித்துக் காட்டினேன். இங்கே வந்த பிறகு இந்த வீட்டில் நான் சிரித்தது அன்றைக்குத்தான்.

இங்கே பன்னிரண்டாம் மாடி. சூடு எங்கிருந்து வருகிறது என்றே தெரியவில்லை. சுவருக்குள்ளிருந்து வருகிறது. கட்டுப்படுத்தவும் முடியாது, திட்டவும் முடியாது. பேரப்பிள்ளைகள் இரண்டும் இங்கிலீசில் கதைக்கின்றன. நான் கேட்டால் ஒரு சொல்லில் பதில் சொல்லிவிட்டு ஓடிவிடுகின்றன. எலிசாவும் மருமகனும் விடியப் போனால் இருட்டித்தான் வருகிறார்கள். நான் கூடத்துச் சோபாவில் படுக்கிறேன். எல்லாரும் நித்திரைக்குப் போன பிறகுதான் எனக்குப் படுக்கை. ஒருவரும் ஒன்றும் சொல்வதில்லை. நல்ல பிள்ளைகள். எனக்குத்தான் அலுத்துப்போயிற்று.

மாதாவைக் கதவைப் பார்க்க வைக்கிறதா? ஜெகதீஸ்வரி படுக்கிற பக்கம் திருப்பி வையுங்கள். அவளுக்கு இரவில் கால் கொதிக்கிறதா என்று கேட்டு எழுதுங்கள். முகம் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டுங்கள், பேனாட் வரும் வரை பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

வால்வை விட்டுவிடுங்கள். நீங்கள் குனிந்து இடுப்புப் பிடித்துக்கொண்டால் அந்தப் பிள்ளை இரண்டு பேரைத் தூக்க வேண்டும். ஒழுகாத அறை தருகிறோம், வா என்று என்னைக் கூப்பிடுகிறீர்கள் போல இருக்கிறது. ஒழுகுகிற அறையிலும் நான் படுப்பேன். வன்செயல் நேரம் பள்ளிக்கூடத்தில், பாயும் இல்லாமல் மழைத் தண்ணீருக்குள் படுத்தவள் நான்.

நான் கேட்டது வால்வு இல்லை அண்ணன். ஒரு சொல். அது இல்லாமல் அந்த வீட்டுக்கு வந்தால், விசரி திரும்பி வந்துவிட்டாள் என்றுதான் நான் வந்து நிற்பேன். பிறக்கப்போகிற பிள்ளைக்கும் அந்தக் கதையைத்தான் சொல்வார்கள். உன் அப்பம்மா ஒருநாள் எங்கள் எல்லாரையும் கொல்லப் பார்த்தவ என்று. சிரித்துச் சிரித்துத்தான் சொல்வார்கள். அது எனக்கு ஏலாது.

றோசலின்


மொன்றியல்
21.02.1988, ஞாயிறு

மதிப்புக்குரிய சம்பந்தி அம்மாவுக்கு,

நேற்று நடந்ததை வரிசையாக எழுதப் பார்க்கிறேன். கை வலிக்கிறது, எழுத்துக் கோணினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பேனாட்டுக்குச் சனிக்கிழமையும் சென்ட் லோரன்டில் வேலை இருந்தது. அவர் போன பிறகு மகளிடம் சொன்னேன்.

"இண்டைக்கு நான் நெருப்ப நிப்பாட்டப் போறன் மகள். நீ மேல்வீட்டில போய் இரு."

"அவரிட்டக் கேட்டீங்களா?"

"கேக்கல்ல."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "அப்பா, நீங்க சோத்துக்கு உப்புக் கேக்கவே யோசிக்கிற ஆள்," என்றாள். பிறகு சால்வையை எடுத்துக்கொண்டு மெல்ல மேலே போனாள். போகும்போது சிரித்தாளா என்று கவனிக்கவில்லை.

பட்டியை நகத்தால் உரித்தேன். 'ஒருவரும்' என்ற சொல் கிழிந்துவிட்டது. சுவிட்சைத் தட்டினேன். பொயிலர் ஒரு தடவை பெருமூச்சு விட்டது போல அடங்கியது. பிறகு ஓசை ஏதும் இல்லை. அன்று நீங்கள் சமையலறையில் கோட்டைப் போட்டுக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்த அமைதி இதுதான் என்று அப்போதுதான் தெரிந்தது. நான் அன்று போர்வைக்குள் குளிர்ந்துபோய்க் கிடந்தேன். துக்கம் என்றால் இப்படித்தான் குளிரும் என்று நினைத்திருந்தேன்.

ஆறிய பிறகு ரப்பர்க் குழாயை மாட்டித் தண்ணீரை நிலவறை வடிகாலுக்கு விட்டேன். மை போலக் கறுப்பாக வந்தது, இரும்பு நாறியது. பின்னறைக்கு வந்து, வால்வை ரேடியேற்றரோடு சேர்க்கும் பெரிய நட்டைக் கழற்றினேன். அது வந்துவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை. ஆனால் வால்வு குழாயைவிட்டு வரவில்லை. திருப்பினால் குழாயும் சேர்ந்து திரும்பியது. தரைக்குள்ளே எங்கோ கிறீச்சென்றது. குழாயை ஒரு ஸ்பனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு மற்றதால் வால்வைத் திருப்ப வேண்டும் என்று புத்தகத்தில் இருக்கிறது. ஒரே ஆள் இரண்டையும் செய்யலாம். படத்தில் உள்ள கைகளால் செய்யலாம். என்னால் முடியவில்லை. வெகுநேரம் முயன்றேன். பிறகு தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஜன்னல் கண்ணாடியின் உட்பக்கம் பனி புகைபோலப் படியத் தொடங்கியது. பேனாட் வருவதற்குள் முடியாவிட்டால் என்ன செய்வது என்று யோசித்தேன். எழுந்து மேல்வீட்டுக்குப் போய் நகுலேஸ்வரனைக் கூப்பிட்டிருக்கலாம். அவர் மனைவியிடம் கூப்பிடச் சொல்லலாமா என்று யோசித்து, அதையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன்.

அந்த நேரம் முன்கதவு திறந்தது. பேனாட். வேலை பாதியில் முடிந்துவிட்டதாம். சப்பாத்தைக் கழற்றாமலே நிலவறைப் படிக்கு ஓடினார்.

"ஆர் இதத் தொட்டது?" பிறகு குரல் மாறியது. "அம்மா வந்துட்டாவா?"

சம்பந்தி அம்மா, அந்தக் கேள்வியில் கோபம் இருந்தது. கோபம் மட்டும் இருக்கவில்லை என்பதையும் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

"நான்தான் பேனாட்," என்றேன்.

அவர் பின்னறை வாசலில் வந்து நின்றார். தரையில் கறுப்புத் தண்ணீர், நடுவில் நான், கையில் ஸ்பனர். கத்துவதற்கு வாயைத் திறந்தார். அன்று உங்களைப் பார்த்துத் திறந்த அதே வாய். நான் இருந்த இடத்திலிருந்தே சொன்னேன்.

"இருங்க, நான் சொல்லி முடிக்கிறன். அண்டைக்கு உங்கட அம்மா நெருப்ப நூர்த்தது என்ர அண்ணருக்காக. செத்த வீட்டில அடுப்பு எரியாது. அது எங்கட முறை. எங்கட முறை எனக்கு நினைவு வரல்ல, வேதக்காரிக்கு வந்திருக்கு. அவ எனக்கு உறவா நிண்டவ. நீங்க அவவ விசரி எண்டீங்க. நான் கதவடியில நிண்டு பாத்துக்கொண்டிருந்தன்."

நான் சொன்னது இவ்வளவு சீராக இருக்கவில்லை. 'உறவா நிண்டவ' என்பதை இரண்டு தடவை சொன்னேன். கடைசி வாக்கியம் ஏனோ ஆங்கிலத்தில் வந்துவிட்டது. கோட்டுப் பழக்கம். சொல்லி முடித்ததும் ஸ்பனரைக் கீழே வைத்துவிட்டேன்.

பேனாட் தரையில் கிடந்த கறுப்புத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு, "அண்டைக்கு மேல்வீட்டில இருந்து சோறு வந்ததெண்டு ஜெகதி சொன்னா. அம்மாவா கேட்டு வாங்கினவ?" என்றார்.

"ஓம்."

"எனக்கு ஒருத்தரும் சொல்லல்ல."

"நான் சொல்லியிருக்கோணும்."

கோட்டைக் கழற்றிக் கதவில் போட்டார். "குழாய நீங்க பிடிங்க மாமா. நான் திருப்புறன். இடப் பக்கமா, வலப் பக்கமா?"

இடப் பக்கம். நான் குழாயை இரண்டு கையாலும் பிடித்தேன். அவர் முழங்காலில் நின்று தன் பாரம் முழுவதையும் கொடுத்தார். எலும்பு முறிவது போல ஒரு சத்தம். இரண்டு பேரும் பயந்து கையை எடுத்துவிட்டோம். பார்த்தால் வால்வு அசைந்திருக்கிறது. பிறகு கையாலேயே சுழன்று வந்துவிட்டது. மரையைத் துடைத்து, ஒழுகாமல் இருக்க வெள்ளைப் பட்டி சுற்றி, புதியதைப் பூட்டினோம். பட்டியை எந்தத் திசையில் சுற்றுவது என்பதில் கொஞ்சம் விவாதம் நடந்தது. புத்தகம் என் பக்கம் இருந்தது.

தண்ணீரைத் திரும்ப நிரப்பினோம். "நீங்களே போடுங்க," என்று சிவப்புச் சுவிட்சை எனக்கு விட்டார். அறை அறையாகப் போய் ரேடியேற்றரில் அடைபட்ட காற்றைச் சாவியால் வெளியே விட்டோம். சீறிச் சீறி, கடைசியில் தண்ணீர் தெறிக்கும். உங்கள் அறை ரேடியேற்றர்தான் அதிக நேரம் சீறியது. மகள் கீழே வந்து அதன் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

இன்று காலை வரை வால்வு ஒழுகவில்லை. சட்டியை எடுக்க மனம் வரவில்லை. "எதுக்கு மாமா இனிச் சட்டி?" என்கிறார் பேனாட். இருக்கட்டும் என்றேன்.

அறையைப் பூட்டும் பேச்சு இல்லை. நீங்கள் கேட்ட சொல்லைச் சொல்லிவிட்டேன். ஆனால் சொல்ல வேண்டிய நாளில் சொல்லவில்லை, நீங்கள் கேட்கும்படியும் சொல்லவில்லை. பிந்திச் சொன்ன சாட்சிக்குக் கோட்டில் பெரிய மதிப்பு இருப்பதில்லை. உங்கள் கணக்கில் எப்படி என்று எனக்குத் தெரியாது. ஆகவே வாருங்கள் என்று எழுதத் துணிவில்லை. வந்தால் நல்லது என்று எழுதுகிறேன்.

பூபாலசிங்கம்


ரொறன்ரோ
26.02.1988

அண்ணன் அறிவது,

உங்கள் கடிதம் வருவதற்கு முதல் நாள் பேனாட் ரெலிபோன் எடுத்தான். "அங்க பனி கொட்டுதா அம்மா?" என்றான். கொட்டுது என்றேன். கொஞ்சம் பொறுத்து, "பனியா அங்க?" என்றான். பிறகும் அதையே கேட்டான். கடைசியில், "உழுந்து அங்க வாங்கலாமா, இஞ்ச வாங்கி வைக்கவா?" என்றான். அவனுடைய தகப்பனும் இப்படித்தான். மன்னிப்பென்ற சொல்லைச் சுற்றி நாலு ஊர் நடப்பார், அந்த ஊருக்குள் மட்டும் போக மாட்டார். ஏன் திடீரென்று உழுந்து என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. அடுத்த நாள் உங்கள் கடிதம் வந்தது. பிள்ளைப்பெற்றவளுக்கு உழுந்துக் களி கிண்டத்தான் என்னைக் கூப்பிட்டிருக்கிறான்.

சாட்சியைப் பற்றி எனக்குத் தெரியாது. பிந்தினாலும் சொன்னீர்கள். அது போதும். என் முகத்துக்கு முன்னால் இன்னொரு தடவை சொல்ல வேண்டியதில்லை, எனக்கு வெட்கமாக இருக்கும்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். எலிசா ஏற்றிவிடுவாள். எனக்கும் முழங்கால் நோ. வந்து ஆடி ஓடி எல்லாம் செய்வேன் என்று நினைக்காதீர்கள். இருந்தபடியே சொல்லுவேன், நீங்கள் இரண்டு ஆண்களும் செய்யுங்கள். ஜன்னலை ஒரு விரல் திறப்பேன். அதற்கு ஒருவரும் புத்தகம் எடுத்து வாசிக்கக் கூடாது.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். அன்று கட்டிலடியில் வைத்த சோறு அப்படியே ஆறிக் கிடந்தது. நீங்கள் ஒரு வாய் சாப்பிடவில்லை. அயல் கொடுத்த சோற்றைத் துக்க வீட்டில் சாப்பிட வேண்டும். அதுவும் முறைதான்.

றோசலின்


வெள்ளி, காலை (வாசல் கதவில் ஒட்டிய தாள்)

சம்பந்தி அம்மாவுக்கு,

மகளுக்கு நோவு தொடங்கிவிட்டது. பேனாட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட்டார். நகுலேஸ்வரன் காரில் நானும் போகிறேன், வாசலில் ஹோர்ன் அடிக்கிறார். பஸ் நிலையத்துக்கு வர ஆள் இல்லை, மன்னிக்க வேண்டும். சாவி மேல்வீட்டில் இருக்கிறது. உங்கள் அறை சூடாக இருக்கும். மாதாவைத் திருப்பி வைத்திருக்கிறேன். உழுந்து மேசையில்.

சட்டி வால்வுக்குக் கீழேதான் இருக்கிறது. அவசரத்தில் குனிந்து பார்க்கவில்லை. காய்ந்திருந்தால் எடுத்துவிடுங்கள்.

பூ.


(அதே தாளின் மறுபக்கத்தில்)

அண்ணன் அறிவது,

சட்டி காய்ந்து கிடந்தது. தேய்த்துக் கழுவி அதில் உழுந்து ஊறப்போட்டிருக்கிறேன்.

பேனாட் ரெலிபோன் எடுத்தான். பெண் பிள்ளையாம். தாயும் பிள்ளையும் சுகமாம். அழுதுகொண்டு, "அம்மா, இஞ்ச பனி கொட்டுது," என்கிறான். உங்களை நித்திரை கொள்ள அனுப்புகிறானாம். நகுலேஸ்வரன் தம்பி உங்களை இறக்கிவிட்ட கையோடு என்னை ஏற்றிக்கொண்டு போகிறதாம். நீங்கள் படியேறி வருகிற நேரம் நான் கோட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பேன். கதைக்க நேரம் இராது, அதுதான் எழுதி வைக்கிறேன்.

சோறும் பருப்பும் மூடி வைத்திருக்கிறேன். இந்தத் தடவை சாப்பிட்டுவிட்டுப் படுங்கள்.

சமையல் அடுப்பை நூர்த்துவிட்டேன். கீழே உள்ளதை நான் தொடவில்லை.

றோசலின்